குவியலிலிருந்து ஒரு பிடி

நான் போய் ஜமக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கம்லேஷ் யாரையோ மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். தூக்கிய மோவாய் தூக்கியபடியே நின்றது. என்னைப் பார்த்ததும் அதைக் கீழே இறக்கி, "வாங்க மாதங்கி ஜி," என்றாள் ஹிந்தியில்.

ஜியாம், ஜி! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை "ஏ மதராசி" என்று முதுகில் தட்டிக் கூப்பிட்டவள் அவள். நான் அவளைக் கழுதை என்பேன். எங்களுக்குள் அது செல்லம். அப்படிப்பட்டவள் திடீரென்று மரியாதை கொடுத்தால் என்ன அர்த்தம்?

டில்லிக் குளிர்காலத்தில் மத்தியான வெயிலைப் போல அருமையான பொருள் வேறு கிடையாது. ஆர்.கே. புரத்தில் எங்கள் ஆபீஸ் கட்டடத்துக்குள் நவம்பர் கடைசியிலேயே கால் விரல்கள் மரத்துப்போகும். லஞ்ச் நேரம் வந்தால் மொத்த ஆபீஸும் புல்வெளிக்கு இறங்கிவிடும். ஆண்கள் ஒரு பக்கம் சீட்டு, பெண்கள் ஒரு பக்கம் ஸ்வெட்டர். எங்கள் ஜமக்காளத்தின் நடுவில் ஒரு ஹிந்திப் பேப்பரை விரித்து வறுத்த கடலையைக் குவித்துவிடுவோம். யார் வாங்கி வந்தது என்று கேட்கும் வழக்கம் இல்லை. கையை விட்டு அள்ள வேண்டியது, தோலை ஊதிப் பக்கத்தில் இருப்பவள் மடியில் போட வேண்டியது, பே கமிஷன் கொடுக்குமா கவிழ்க்குமா என்று சண்டை போட வேண்டியது. அவ்வளவுதான் எங்கள் சுகம்.

அன்றைக்குக் கம்லேஷ் பேப்பரின் ஓரத்தைக் கிழித்தாள். அதில் கொஞ்சம் கடலையை வைத்து, இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினாள். "எடுத்துக்கோங்க ஜி."

எனக்குத் தனி இலை போட்டுவிட்டார்கள்.

என் மடியில் ஜம்புவின் ஸ்வெட்டர் இருந்தது. ஜம்பு என் கணவர். வேறொரு மந்திராலயத்தில், அதாவது அமைச்சகத்தில், என்னைப் போலவே பைல் தள்ளுகிறவர். முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை எல்லாம் முடிந்துவிட்டது. கழுத்து மட்டும் பாக்கி. கழுத்துப் போட எனக்கு வராது. ஒவ்வொரு வருஷமும் நான் உடம்பைப் பின்னி எடுத்துவருவேன், சந்தோஷ் குமாரி வாங்கி, "பல்லியா பின்னிச்சு இதை?" என்று திட்டிவிட்டு ஒரே மத்தியானத்தில் கழுத்தை முடித்துக் கொடுப்பாள். இந்த ஆபீஸில் எனக்கென்று இருந்த சிநேகிதி அவள்தான். பின்னக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். அன்றைக்கு ஸ்வெட்டரை அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தன் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இப்ப நேரமில்லை. செஷன் முடியட்டும்," என்றாள்.

செஷன். அந்த ஒரு வார்த்தையை அவள் சும்மா சொல்லவில்லை.

எங்கள் பழைய செக்‌ஷன் ஆபீசர் பல்லா சாப் வாயைத் திறந்தால் அடுத்த மாடிக்குக் கேட்கும். அவரிடம் அழாதவர்கள் எங்கள் ஹாலில் யாருமில்லை. ஆனால் திட்டுவதில் அந்த மனுஷனுக்குப் பாரபட்சமே கிடையாது. நம் முறை முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் மற்றவர்கள் டீ வாங்கி வைத்துக் காத்திருப்பார்கள். அடுத்தது தங்களுக்குத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். பார்லிமெண்ட் நடக்கும் நாட்களில் எம்.பி.க்களின் கேள்விகள் எந்த நேரத்தில் எங்கள் தலையில் வந்து விழும் என்று சொல்ல முடியாது. "இன்றைக்கு இனிமேல் ஒன்றுமில்லை" என்று மந்திராலயத்திலிருந்து போன் வரும்வரை யாராவது ஒருத்தர் உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் செஷன் டூட்டி. ஜன்னலோர நாற்காலியில் தொடங்கிக் கதவோர நாற்காலிவரை வரிசையாக ஒரு நாளைக்கு ஒருத்தர் என்று பல்லா சாப் வைத்திருந்தார். கதவோர நாற்காலிக்குப் பிறகு அவர் நாற்காலி. தன் முறை வந்தால் காதைச் சுற்றி மஃப்ளரைக் கட்டிக்கொண்டு அவரும் உட்கார்ந்தார். புல்வெளிக்கு வந்தால் கேட்காமலே எங்கள் குவியலில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு, "வேலை நேரத்துல ஸ்வெட்டரா?" என்று எல்லோரையும் ஒரு மூச்சு திட்டிவிட்டுப் போவார்.

அவர் ரிடையர் ஆனார். மெட்ராஸிலிருந்து மாற்றலாகிக் கஸ்தூரிரங்கன் வந்தார்.

மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத சுபாவம். ஹாலின் கடைசியில் கண்ணாடி தடுத்த அறையில் உட்காருவார். ஹிந்தி அவருக்குச் சுத்தமாக வராது. யார் என்ன சொன்னாலும் மோவாயைத் தூக்கி, கூரையைப் பார்த்து, "டீக் ஹை, டீக் ஹை" என்பார், எதற்கும் சரி சரிதான். கத்தாத ஆபீசர் வந்தார் என்று முதல் வாரம் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். சந்தோஷ் கோயிலில் லட்டு வாங்கிக்கூடக் கொடுத்தாள்.

இரண்டாம் நாளே அவர் என் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். ஹாலின் அந்தக் கோடியிலிருந்து, "ஏம்மா மாதங்கி, நீங்க எந்த ஊரு?" என்றார் தமிழில். மன்னார்குடி என்றேன். மனுஷர் முகம் அப்படி மலர்ந்தது. குடியிருப்பது தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என்றதும் இன்னும் மலர்ந்தது. அன்றிலிருந்து அவர் பேசுவதெல்லாம் என்னிடம், பேசுவதெல்லாம் தமிழில். கறிவேப்பிலை எங்கே நன்றாகக் கிடைக்கும், மலை மந்திர் முருகன் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று. நடுநடுவே ஆபீஸ் விஷயம். "இந்தக் கம்லேஷ் எப்பவுமே லேட்டாத்தான் வருவாளா?" என்று ஒரு நாள் கேட்டுவைத்தார். "பஸ் கிடைக்கலை சார்" என்று நான் அவளுக்காகத்தான் பரிந்து பேசினேன். ஆனால் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த கம்லேஷின் காதில் என்ன விழுந்திருக்கும்? புரியாத பாஷை வெள்ளத்தில் தன் பெயர், அப்புறம் 'லேட்'. அப்புறம் என் குரல்.

பிறகு செஷன் ஆரம்பித்தது. என் முறை வந்த நாள் மாலையில் கஸ்தூரிரங்கன் என் மேஜையருகே வந்தார்.

"நீ எதுக்கும்மா இருட்டினப்புறம் இருக்கணும்? பொண்ணு பத்தாங்கிளாஸ்னு சொன்னியே. ஆத்துக்குப் போ. அந்த சந்தோஷ் உக்காரட்டும். அவளுக்குப் பசங்க பெரியவாதானே."

"சரி சார்" என்றேன். சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியும்விட்டேன். என் பெண் ஜ்யோத்ஸ்னாவுக்குக் கணக்கு சொல்லித்தர வேண்டியிருந்தது என்னவோ நிஜம். கதவைத் தாண்டும்போது கண்ணாடி அறைக்குள் சந்தோஷ் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல, அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீடு நஜஃப்கரில். பஸ்ஸில் போனால் போய்க்கொண்டே இருக்க வேண்டும். என் வீடு ரிங் ரோடைத் தாண்டினால் வந்துவிடும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்தத் தனி இலை.

அன்று ராத்திரி ஜம்புவிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நம்ம மனுஷா ஒருத்தர் மேல வந்திருக்கார். நல்லதுதானேடி. அவா பேசாட்டா போறா. நீ ஆபீஸுக்குப் பேசவா போறே?"

"ஏன்னா, நாள் பூரா யாருமே பேசாம நீங்க உக்காந்திருப்பேளா?"

"நான் உக்காருவேனே. நிம்மதியா இருக்கும்."

உட்காருவார். அவருக்கு ஸ்வெட்டரில் கழுத்து இல்லாவிட்டாலும் தலையை நுழைத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அப்படி வராது. நாளில் பாதிப் பொழுது அந்த ஹாலில்தான் என் உயிர் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரம் வெயில். அந்த வெயிலில் என் கை அந்தக் குவியலுக்குள் உரிமையோடு போக வேண்டும். கேட்டது அவ்வளவுதான். அது போய்விடுமோ என்ற பயத்தில் தூக்கம் வரவில்லை.

மறுநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனேன். "சார், எனக்கும் செஷன் டூட்டி போடுங்கோ சார். எல்லாரும் தப்பா நினைச்சுக்கறா," என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார். அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நீ ரொம்ப நல்லவ மாதங்கி. அதான் இவாள்ளாம் உன்ன ஏய்க்கறா. பாத்துண்டே இருக்கேன். உக்காரு, காபி சாப்பிடறியா? ஃபிளாஸ்க்ல இருக்கு."

காபி ஃபில்டர் காபிதான். எங்கள் ஹாலில் அந்த வாசனை அடித்ததே அப்போதுதான் முதல் தடவை. நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. சுடச்சுடக் கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹாலே என்னைப் பார்க்கிறது.

அன்று மாலை கம்லேஷுக்கு மெமோ வந்தது. தாமதமாக வருவது பற்றி விளக்கம் கேட்டு.

சத்தியமாக எனக்குத் தெரியாது. அவர் எப்போது எழுதினார், யார் சொல்லி எழுதினார், எதுவும் தெரியாது. கம்லேஷ் அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். என் மேஜையைத் தாண்டிப் போகும்போது நின்று, "காபி நல்லா இருந்ததா ஜி?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் போய்விட்டாள். நானாகப் போய், "நான் சொல்லலை" என்றால் சொன்னவள்தான் அப்படிச் சொல்வாள் என்று ஆகிவிடும். சொல்லாமல் இருந்தாலோ, அதுவும் சொன்ன மாதிரிதான்.

அதற்குப் பிறகு புல்வெளிக்கு இறங்கவே பயமாக இருந்தது. மேஜையிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிடுவேன். கால் விறைத்துப்போகும். மாடி ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே ஜமக்காளம் தெரியும், தலைகள் தெரியும், யாரோ தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது தெரியும். என்னைப் பற்றித்தானோ? ஒவ்வொரு சிரிப்புக்கும் அதே கேள்விதான். கஸ்தூரிரங்கனும் உள்ளேதான் சாப்பிடுவார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எவர்சில்வர் டப்பாவிலிருந்து தயிர்சாதம். மொத்த ஹாலிலும் நாங்கள் இரண்டே பேர். அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் பைலைப் பார்ப்பேன்.

அடுத்த சுற்றிலும் என் முறையைச் சந்தோஷுக்கே கொடுத்தார். அன்று பகல் முழுக்க மூட்டம், மாலையில் பனி இறங்கிவிட்டது. நான் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். ரசம் கொதிக்கும்போது, அவள் இந்நேரம் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள் என்று நினைத்தேன். சாப்பிடும்போது, ஏறியிருப்பாளா என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் நாற்காலி காலி.

காலையில் பஸ் தாமதம் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு ஜுரமாக இருக்கும் என்று. பக்கத்து வீட்டு போன் நம்பர் கம்லேஷிடம்தான் இருந்தது. அவள் போன் செய்ததைப் பார்த்தேன். கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினாள். பேசிவிட்டு வந்து மற்ற பெண்களிடம் குனிந்து என்னவோ சொன்னாள். ஒருத்தி "ஹாய் ராம்" என்றாள்.

எழுந்து போனேன். "கம்லேஷ், சந்தோஷுக்கு என்ன?"

"தெரியாது ஜி."

"இப்பத்தானே போன்ல பேசினே!"

"உங்களுக்குத் தெரியாததா? சாப் கிட்ட கேளுங்க."

திட்டியிருந்தால் பரவாயில்லை. பல்லா சாப் மாதிரி ஹால் அதிரக் கத்தியிருந்தால்கூட அழுதுவிட்டு எழுந்திருப்பேன். அந்தப் பகலை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. ப்ளூலைன் பஸ் என்ன செய்யும் என்று டில்லியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. யாரை ஏற்றிக் கொன்றது என்று பேப்பரில் தினமும் வருகிறதே. ஒரே பைலை மறுபடி மறுபடி திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவள் புருஷன் முகம், பிள்ளைகள் முகம் எல்லாம் வந்து வந்து போயின. கடைசியில் கண்ணாடி அறைக்கே போய்க் கேட்டேன்.

"ஓ, அவளா? பஸ்லேர்ந்து எறங்கறச்சே விழுந்துட்டாளாம். கையில அடி. பெருசா ஒண்ணும் இல்ல," என்றார் கஸ்தூரிரங்கன். குரலில் ஒரு கெடுதலும் இல்லை. "நல்ல வேளை, நீ இருக்கலை."

நல்ல வேளையாம்! எனக்கு வந்த கோபத்தில் கண் இருண்டது. கோபம் அவர்மேலா என்மேலா என்று பிரித்துப் பார்க்க அப்போது பொறுமையில்லை.

சந்தோஷ் இரண்டு நாள் கழித்து வந்தாள். இடது மணிக்கட்டிலிருந்து விரல்கள்வரை கட்டு. எலும்பு முறியவில்லை, பிசகியிருக்கிறது என்றாள், என்னிடம் இல்லை, எல்லோரிடமும். நான் அருகே போய் நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "என்ன மாதங்கி ஜி, ஸ்வெட்டர் கழுத்தா? பாருங்க, இந்த வருஷம் முடியாது போலிருக்கு," என்று கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

அவளுமா ஜி போட வேண்டும்?

மறுபடி என் முறை வந்த நாள். பிற்பகலில் கஸ்தூரிரங்கன் ஹாலுக்கு நடுவில் வந்து நின்றார். செஷன் டூட்டி யாருக்கு என்று அறிவிக்கும் நேரம். அன்று சந்தோஷைக் கேட்க அவருக்கே மனசு வரவில்லை போலும். என் நாற்காலியைத் தாண்டிப் பார்வையை ஓட்டி, "கம்லேஷ் ஜி, டுடே யூ," என்றார்.

கம்லேஷ் என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், இன்னைக்கு என் முறை. நான் உட்கார்றேன்," என்றேன். ஹிந்தியில் சொன்னேன்.

அவர் புரியாதவராகப் பார்த்தார். நான் அவரிடம் ஹிந்தி பேசியதே இல்லை. "எதுக்கும்மா? குழந்தை படிக்கறா, நான்தான் சொன்னேனே," என்றார் தமிழில்.

"குழந்தைகள் எல்லார் வீட்டிலும் இருக்காங்க சார். சந்தோஷ் வீடு நஜஃப்கர். கம்லேஷ் வீடு ஷாதரா. என் வீடு பக்கத்துல. ரெண்டு தடவை என் முறையில சந்தோஷ் உட்கார்ந்தா," என்றேன். அதையும் ஹிந்தியில். நிறுத்தி, நிதானமாக, கதவோர நாற்காலிவரை கேட்கும்படி.

அவர் ஒரு அடி கிட்டே வந்தார். குரலை இறக்கினார். "என்னம்மா இது, எல்லார் எதிர்லயும்... உள்ள வா, பேசிக்கலாம்."

உள்ளே போயிருந்தால் காபி கொடுத்திருப்பார். நான் போகவில்லை. என் வாயிலிருந்து அடுத்ததாக வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்னது நான்தான்.

"சார், எது சொல்றதானாலும் எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க."

கஸ்தூரிரங்கனின் காது மடல் சிவந்தது. ஹிந்தியில் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஒருமுறை கூரையைப் பார்த்தார். "டீக் ஹை," என்றார். "டீக் ஹை, மிஸஸ் ஜம்புநாதன்." திரும்பிப் போய்க் கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

மாலையில் எல்லோரும் கிளம்பினார்கள். சந்தோஷ் போகும்போது என் மேஜையில் கஜக் என்கிற எள்ளு மிட்டாயில் ஒரு துண்டை வைத்துவிட்டுப் போனாள். ஆளில்லாத ஹாலில் போன் மணிக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எம்.பி.க்கள் அன்றைக்கு எங்களை ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எனக்காகக் கோபத்தோடு காவல் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் நினைத்துப் பயந்தேன். என் சி.ஆரில், அந்த வருஷாந்தர ரகசிய ரிப்போர்ட்டில், என்ன எழுதுவாரோ என்று வேறு ஒரு பயம். கொஞ்ச நேரம் கழித்து, விளக்கைப் பார்த்துவிட்டு ராக்காவல் சௌக்கிதார் உள்ளே வந்தான்.

"சாப் தினமும் இவ்வளவு நேரம் இருப்பாரா?" என்று கேட்டேன்.

"தினமும்தான் மேடம். வீட்டுல யாரு இருக்கா? நான் வந்து ஹீட்டரை அணைக்கணும்னு சொன்னாத்தான் எழுந்திருப்பார்."

வீட்டுக்காரி பையனின் காலேஜுக்காக மெட்ராஸிலேயே இருக்கிறாள் என்று அவரே ஒரு நாள் சொல்லியிருந்தார். மோதி பாகில் தனி குவார்ட்டர்ஸ். கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்று அவர் அத்தனை தடவை ஏன் கேட்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மந்திராலயத்திலிருந்து போன் வந்தது. நான் எழுந்தபோது அவரும் வெளியே வந்தார். தமிழில் ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்கு நானும் தமிழில் சொல்லியிருப்பேன். "குட் நைட்," என்றார். குனிந்தபடியே படியிறங்கினார்.

மறுநாள் லஞ்ச் நேரத்தில் என் கால் புல்வெளிக்கு என்னைக் கேட்காமல் போனது. ஜமக்காளத்தை நெருங்கினேன். பேச்சு நிற்கவில்லை! கம்லேஷ், "ஏ மதராசி, செருப்பைத் தள்ளி விடு, மண்ணு வருது," என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் கூசுகிற மாதிரி பாவனை செய்து துடைத்துக்கொண்டேன்.

சந்தோஷ் தன் பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினாள். "அந்த ஸ்வெட்டரை எடு. என் கைதான் கட்டிக் கிடக்கு, வாய் இல்லை. நான் சொல்றேன், நீ போடு. ரெண்டு கண்ணியைச் சேர்த்து எடு. சேர்த்து! பல்லியா பின்னிச்சு இதை?"

நான் பின்னினேன். இடையிடையே கையை நீட்டிக் குவியலிலிருந்து அள்ளினேன். கம்லேஷ் எழுந்து நின்றாள். மோவாயைத் தூக்கினாள், கூரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்த வானத்தைப் பார்த்தாள், "டீக் ஹை, டீக் ஹை, மிஸஸ் ஜம்புநாதன்," என்றாள். அச்சு அசல். குரல் உட்பட எல்லாம், காதில் ஏறிய சிவப்பு மட்டும் நீங்கலாக. ஒருத்தரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சிரித்தேன். அடக்க முடியாமல்தான் சிரித்தேன். எத்தனை நாள் ஆகியிருந்தது! உடனே எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். சந்தோஷ் நல்ல கையால் என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கட்டடத்து நிழலிலிருந்து கஸ்தூரிரங்கன் வெளியே வந்தார். அவர் புல்வெளிக்கு இறங்கியது அதுதான் முதல் தடவை. ஒரு கையில் எவர்சில்வர் டப்பா, கக்கத்தில் பேப்பர். சீட்டாடுகிறவர்களின் பக்கம் கொஞ்சம் நின்றார். அவர்கள் சீட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். வேண்டாம் வேண்டாம் என்று கைகாட்டிவிட்டு எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

பேச்சு நின்றுவிட்டது.

எனக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து தெரியும். உள்ளிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை. அவர் ஜமக்காளத்தின் ஓரத்தில் வந்து நின்றார். "தூப்... அச்சா ஹை," என்றார். வெயில் நன்றாக இருக்கிறது. அதைச் சொல்ல வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருப்பார் போலிருந்தது. ஊசிகள் மட்டும் டக்டக்கென்றன. அவர் பார்வை ஒரு முறை குவியல்மேல் விழுந்தது, அப்புறம் என்மேல்.

ஏதாவது செய்ய வேண்டும். யாராவது நகர்ந்து இடம் விட வேண்டும். "இப்படி உக்காருங்கோ சார்," என்று தமிழில் மூன்று வார்த்தை. அது தொண்டைவரை வந்தது. பக்கத்தில் சந்தோஷின் தோள் என் தோளை ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூடு போய்விடுமோ என்ற பழைய பயம் உடனே வந்தது.

என் கை பேப்பரின் ஓரத்தைக் கிழித்தது. அதில் கொஞ்சம் கடலையை வைத்தது. எழுந்து, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எடுத்துக்கோங்க சார்," என்றேன் ஹிந்தியில்.

அவர் டப்பாவைக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு அந்தத் துண்டுப் பேப்பரை வாங்கிக்கொண்டார். அதையே சற்று நேரம் பார்த்தார்.

"தேங்க் யூ, மேடம்," என்றார். வெயில் விழாத அந்தக் கோடி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார்.

"கண்ணி ஒண்ணு விட்டுட்டே," என்றாள் சந்தோஷ். "பிரிச்சுட்டு மறுபடி போடு."